கண்ணடித்த ஆமை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் உனக்குக் கோபம் வரும். போனில் பேசினால் நமக்குள் எடுத்த எடுப்பிலேயே சண்டை வந்துவிடுகிறது, கடிதமே மேல் என்று நீ சொன்னது சரிதான். தாளில் உன் குரல் உயராது, நானும் குறுக்கே பேச முடியாது.

இன்று நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு அம்மாள் கையில் பத்திரிகை. பின்பக்கம் முழுக்க நம் ஆமை, சின்ன வயதில் பார்த்த அந்தப் படத்து ஆமை! 'மீண்டும் வருகிறது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாத்திரை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, மருந்து இல்லையா?" என்று அவர் பயந்துபோனார்.

உங்கள் கம்பெனியின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது. நீயும் அந்தப் படத்தில் இருக்கிறாயா? மறைக்காமல் சொல்.

"அந்த ரப்பர் ஆமையையா திரும்ப எடுக்கிறாங்க?" என்று உன் அத்தான் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்! சின்ன வயதில் கார்ப் பந்தயப் படம் பார்த்து வளர்ந்தவர்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். கோபமில்லை.

ஆமாம், அந்தப் படம்தான். வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விளம்பரமே வந்தாயிற்று, இனி என்ன? கம்ப்யூட்டரில் ஆமையின் முகத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன். கண்ணைச் சுற்றிய சுருக்கம், இமை, வாயோரம் எல்லாம் என் கைவேலை. ஜன்னலே இல்லாத அறை. பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கு 'ஆமை டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் வந்ததும், "நோயாளி கண்ணைத் தொறந்துட்டாரா?" என்பார்.

பழைய படத்தில் ஒரு பக்கத்து இமை மட்டும் தாமதமாக மூடுமே? உள்ளே கம்பி ஏதாவது சிக்கியிருக்க வேண்டும். அதையும் அப்படியே செய்து காட்டினேன். "ஏதோ தப்பு மாதிரி தெரியுது, எடுத்துடு" என்றுவிட்டார்கள். எடுத்துவிட்டேன்.

முதல் நாளே போய்ப் பார். பார்த்துவிட்டு உண்மையை எழுது. தம்பி வேலை செய்த படமாயிற்றே என்று பூசி மெழுகாதே. மற்றவர்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. அந்த ஆமையை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீ ஒருத்திதான்.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

உண்மையைக் கேட்டாய். எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

முதலில் நல்லது. கடல், கடலாகவே இருந்தது. உன் மருமகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். ஆமையின் கண்ணோரத்து மடிப்பில் தண்ணீர் தங்கி நின்று வழிந்தபோது, "இது மாமா செஞ்சது" என்று அவள் காதில் சொன்னேன். அவள் அதை முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சொல்லிவிட்டாள். உன் அத்தான்கூடத் தூங்கவில்லை.

ஆனால் அது நம் ஆமை இல்லையடா.

கப்பல் உடைந்து, மூன்று பிள்ளைகள் தீவு என்று நினைத்து ஏறுகிறார்கள். அது தீவில்லை, கிழட்டு ஆமை. அவர்களைக் கரை சேர்த்ததும் அது செத்துப்போகும் என்று நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவ்வளவுதானே கதை? அதில் யார் யாரைத் துரத்தினார்கள்? இதில் பீரங்கிப் படகு எங்கிருந்து வந்தது? நம் ஆமை தார்ப்பாயும் ரப்பருமாக இருந்தது, கழுத்தருகே தையல்கூடத் தெரியும். அதற்கு வலிக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம். இதில் எல்லாமே தெரிகிறது. நாம் நினைத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசியில் அந்தச் சின்னப் பெண் இறங்க மனமில்லாமல் திரும்பித் திரும்பி வருவாளே, ஆமை மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லுமே, "மெதுவா எறங்கும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று! அந்த வசனத்தை இதில் எங்கே வைத்திருக்கிறார்கள்? படகு துரத்துகிறது, பிள்ளைகள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகிறார்கள், ஆமை திரும்பிப் பார்த்து "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று கண்ணடித்துவிட்டு ராக்கெட் மாதிரி பாய்கிறது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் அத்தை நம்மை அந்தப் படத்துக்கு எத்தனை தடவை கூட்டிப்போனாள்! எனக்குப் பத்து வயது, உனக்கு நாலு. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்து மணி அடித்ததும் நர்ஸ் வாசலில் வந்து நிற்பாள். நீ வேண்டுமென்றே செருப்பு வாரை மாட்டுவாய், கழற்றுவாய். அம்மா படுத்தபடியே, நீ நடித்துக் காட்டிய அதே ஆமைக் குரலில், "மெதுவா போடுடா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். நர்ஸும் சிரித்துவிடுவாள். ஞாபகமிருக்கிறதல்லவா?

அந்த வசனத்தைக் கொண்டுபோய்த் துரத்தல் காட்சியில் வைத்தவன் எவனோ, ஒரு மண்ணும் தெரியாதவன். கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேட்பேன்.

உன்மேல் குறையில்லை. உன் சுருக்கங்கள் அழகு.

உன் அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உண்மையைக் கேட்டேன், வந்தது.

அந்த மண்ணும் தெரியாதவன் நான்தான்.

அவர்கள் எழுதிய கதையில் அந்த வசனமே இல்லை. கடைசியில் ஆமை சாவதும் இல்லை, அதைத்தான் நீயே பார்த்தாயே. அந்தக் கூட்டங்களில் முகம் செய்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தேன். "பழசுல ஒரு வசனம் இருக்கு சார். அதை மட்டும் எங்கயாவது வச்சுடுங்க" என்றேன். "எங்க, சொல்லு பாப்போம்" என்றார் டைரக்டர். ஆமைக் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அறை முழுக்கச் சிரித்தது. "நல்ல காமெடிப்பா இது!" என்று துரத்தலில் சேர்த்துவிட்டார். கண்ணடிப்பதைச் செய்ததும் நான்தான். இல்லாமல் போவதைவிட எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி, நர்ஸ், செருப்பு எதுவும் எனக்கு ஞாபகமில்லை. நீ ஒவ்வொரு தடவையும் "ஞாபகமிருக்கா" என்பாய், நான் தலையாட்டுவேன். அம்மாவின் குரல் எனக்குத் தெரியாது. அந்த ஆமையின் குரல்தான் தெரியும். அம்மாவை நினைக்கவேண்டும் என்றால் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம். கோபமில்லை.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். திட்டிக்கொள்.

நீ எழுதியதைப் படித்தபின் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலிருந்தது. அந்த இடத்தை, அதைக் கேட்டு வாங்கியவன் நீ என்று தெரிந்து பார்க்கவேண்டும். கடையில் பாதி நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். தியேட்டரில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். வேறு ஏதோ பேய்ப்படம். டிக்கெட் கொடுக்கிறவர், "ஆமைப் படமா? போன வாரமே போயிடுச்சேம்மா" என்றார். வாசலில் ஆமையின் அட்டைப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வரி போடு.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. பரவாயில்லை. இது அந்தப் படத்தைப் பற்றியது இல்லை.

அந்த ஆமைக்குக் கனத்த ஆண்குரல். அம்மாவுக்கு அப்படிக் கிடையாது. மெல்லிசான, லேசாகக் கீறல் விழுந்த குரல். போனை எடுத்தால் அந்தப் பக்கம் இருப்பவர்கள், "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா பாப்பா?" என்று கேட்பார்கள். "நான்தான் பெரியவ, சொல்லுங்க" என்பாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குக் கோபமாக இருப்பாள்.

ஜோக் சொல்ல வராது. சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள், கடைசி வரி நமக்குக் கிடைக்காது. தும்மினால் மாடியில் கேட்கும். பாடவே மாட்டாள், ஆனால் பாத்திரம் துலக்கும்போது வாய்க்குள் ஏதோ முனகுவாள். கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். அப்பா எங்காவது கிளம்பத் தாமதமானால் வாசலில் நின்றுகொண்டு சாவியை மட்டும் ஆட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

உனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருஷம் 'ஞாபகமிருக்கா' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியுமா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

உன் அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. பதில் எழுதத்தான் வரவில்லை.

சினிமா வேலையை விட்டுவிட்டேன். இப்போது சோப்பு விளம்பரம். நுரைக்கு முகம் கிடையாது, நிம்மதி. இந்த வருஷம் ஊருக்கு வர முடியாது என்று நினைக்கிறேன். மருமகளிடம் நீயே சொல்லிவிடு.

'நான்தான் பெரியவ, சொல்லுங்க' என்பதை என் குரலில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைத் திட்டியிருக்கிறாளா? திட்டும்போது என்ன சொல்லுவாள்?

தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டதை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்பாவோ அத்தையோ இருந்திருந்தால் அவர்களிடமாவது கேட்கலாம்.

என்னைத் திட்டியது நிறைய ஞாபகமிருக்கிறது. தலையைச் சீவிக்கொள்ளாமல் பள்ளிக்கூடம் கிளம்பினால், "எந்தக் காத்துல அடிச்சுக்கிட்டு வந்தே?" என்பாள். பாலைக் கொட்டினால், ஈரத்துணியோடு கட்டிலில் உட்கார்ந்தால், பொய் சொன்னால், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு உண்டு. எல்லாம் எனக்குத்தான் விழுந்தது. உன் பங்குக்கு ஒன்றாவது தேறுமா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டேன்.

அதில் ஒன்றை எடுத்து, இது உன்னைச் சொன்னது என்று எழுதிவிடலாம். நீ நம்பிவிடுவாய். எழுதிப்பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

உன்னை அவள் திட்டி நான் கேட்டதே இல்லையடா. நீ அவ்வளவு சின்னவன். அதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

உன் அக்கா