தொண்டையில் அடைத்த திராட்சை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று நான் சமைக்கிற வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் கொறிப்பதற்காக, திராட்சையையும் சீஸ் துண்டையும் பல்குச்சியில் குத்தித் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்காரம்மாவின் அக்கா, உன் வயதுதான், சிரித்துக்கொண்டே ஒன்றைக் குச்சியிலிருந்து உருவி வாயில் போட்டார். திராட்சை தொண்டையில் அடைத்துக்கொண்டது. சத்தமே வரவில்லை, முகம் நீலம் பாரித்துவிட்டது. விருந்துக்கு வந்த இருபது பேரும் அப்படியே நின்றார்கள். நான் ஓடிப்போய் அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஐந்தாவது அடியில் வெளியே வந்து விழுந்தது.

மூச்சு திரும்பியதும், "யாரு இப்படி அடிச்சது?" என்றார்.

"நான்தாங்க, மன்னிச்சுக்குங்க."

அதன் பிறகு அவர் என் கையை விடவே இல்லை.

பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார்.

அம்மா, அத்தனை பேர் இருந்தும் அப்படி. நீயோ தனியாகச் சாப்பிடுகிறாய். இனிமேல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள். அவர் இல்லாவிட்டால் எனக்குப் போன் போட்டு, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடு. பேச வேண்டாம், நீ மெல்லுகிற சத்தம் கேட்டால் போதும்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்