நான் திருப்பிச் சொல்லாத உத்தரவு

வலது காது கேட்காத என் செல்ல அண்ணாத்தே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எப்போதும் போல உன் இடது காதுப் பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள். நாளைக் காலை என் வேலை போனாலும் போகும். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதலில் ஊர்ச் சேதி. போன வாரம் பட்டாபிராமில் ராணுவத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாய். நீ இருந்திருந்தால் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, தார்ப்பாய் மடிப்பைப் பார்த்தே உள்ளே இருப்பது டாங்கியா பீரங்கியா என்று சொல்லியிருப்பாய். நானும் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தேன், பீரங்கி என்று முடிவு செய்தேன். தப்பென்றால் திருத்த நீ இல்லை. அண்ணி நன்றாக இருக்கிறார். கடையில் யாராவது சாமான் பட்டியலைத் திருப்பிச் சொன்னால் மட்டும் கண் கலங்கிவிடுகிறார்.

பீரங்கிப் படையில் அத்தனை வருடம் இருந்துவிட்டு நீ வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டுதான். ஒன்று, கேட்காத காது. இன்னொன்று, எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லும் பழக்கம். "அரை கிலோ உளுந்து, ஒரு பாக்கெட் கல்லுப்பு. சரி." இதைச் சொல்லாமல் நீ செருப்பை மாட்டியதே இல்லை. காது மந்தம், அதனால்தான் இப்படி என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீயும் சேர்ந்து சிரித்தாயே தவிர, ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து நீயே சொன்னாய். பீரங்கி சுடுகிறவர்களுக்குக் குண்டு விழும் இடம் கண்ணில் படாது. முன்னால் மேட்டில் இருக்கும் ஒருவர் இலக்கைப் பார்த்து, வரைபடத்தில் அது எங்கே என்று எண்களில் சொல்வார். வெகுதூரம் பின்னால் கூடாரத்தில் நீ அதை வாங்கி, பீரங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு நிமிர வேண்டும் என்று கணக்குப் போடுவாய். அதற்கு முன்னால், வாங்கியதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி.

ராஜஸ்தானில் ஒரு பயிற்சி. உச்சி வெயிலில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், இலக்கின் எண்ணைச் சொல்வதற்குப் பதிலாகத் தான் நிற்கும் இடத்தின் எண்ணைச் சொல்லிவிட்டார். நீ திருப்பிச் சொன்னாய். சொல்லிவிட்டு, "சாப், அது நீங்க நிக்கிற எடம்" என்றாய். வயர்லெஸ்ஸில் உடனே வேறு எண் வந்ததாம்.

"அப்பால அவரு இன்னா பண்ணாரு?" என்று கேட்டேன்.

"ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. அவ்ளோதான். நீ மீன எடு."

ஒரு உயிரைக் காப்பாற்றியதை ஒரு டீயோடு முடித்துவிட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன் அண்ணாத்தே.

நம் சண்டைகளும் ஞாபகம் வருகின்றன. டிரோன் வந்த பிறகு பீரங்கிக்கு என்ன வேலை என்று நான் கிண்டல் செய்வேன். "மழையில உன் தும்பி பறக்குமாம்மே? சிக்னல அறுத்துட்டா இன்னா பண்ணும்? குண்டுக்குச் சளி புடிக்காது" என்பாய். ஆனால் நீ பிடிவாதக்காரன் இல்லை. எங்கள் கம்பெனி டிரோன் எடுத்த படத்தைக் காட்டியபோது வாயைப் பிளந்தாய். "எங்களாண்ட இது இருந்திருந்தா பாதி குண்டு மிச்சம்" என்றாய். இனிமேல் பீரங்கியும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, மேலேயிருந்து பார்த்துவிடுவார்கள் என்று நான் சொன்னபோது, "வாடகைக்குக் குடியிருக்கிறவன் மாதிரி மூட்டையக் கட்டிகினே இருக்கணும்னு சொல்லு" என்று சிரித்தாய். பார்ப்பது டிரோனின் வேலை, அடிப்பது பீரங்கியின் வேலை, இரண்டும் சேர்ந்துதான் இனி என்று கடைசியில் நாம் இருவருமே ஒத்துக்கொண்டோம். அந்த இரண்டையும் சேர்க்கும் கருவியைத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சின்ன கம்பெனி செய்கிறது. டிரோன் பார்த்த இடத்தை பீரங்கிக்குச் சொல்லும் டேப்லெட். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

இப்போது புது மாடல் வந்திருக்கிறது. பழையதில் சுடுவதற்கு முன் ஒருவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும், மறுமுனையில் ஒருவர் சரி என்று சொல்ல வேண்டும். புதியதில் அது இல்லை. டிரோன் பார்த்ததும் நேராக பீரங்கிக்குப் போய்விடும். "அந்த சில நொடியில எதிரி நம்மளக் கண்டுபுடிச்சிடுவாம்மா. வேகம்தான் உயிரு" என்கிறார் முதலாளி. அவர் சொல்வதும் பொய்யில்லை. நானும் பாதி மனதோடு ஒத்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை திருநின்றவூர் தாண்டி ஒரு வெட்டவெளியில் சோதனை. குண்டெல்லாம் இல்லை. தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி, அதுதான் இலக்கு. பூந்தமல்லியிலிருந்து வரும் எங்கள் இக்பால் டிரோனை மேலே அனுப்பிவிட்டு டேப்லெட்டோடு வயல் வரப்பில் நின்றான். நடுவில் டேப்லெட்டின் பேட்டரி தீர்ந்தது, மாற்றினான். தள்ளி நாங்கள் போட்டிருந்த கூடாரத்தில் என் திரையில் இலக்கு வந்தது, பச்சை விளக்கு எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் உன் ஞாபகம். போனை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"இக்பால், இதான் இலக்கு. சரியான்னு பாத்துச் சொல்லு."

எண்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம், "அக்கா, அங்க நான்தானே கீறேன்!" என்றான்.

பேட்டரி மாற்றியதும் டேப்லெட் கொடியை மறந்துவிட்டு, தான் இருக்கும் இடத்தையே இலக்காக அனுப்பியிருக்கிறது. ராஜஸ்தான் வெயிலில் அந்த அதிகாரி செய்த அதே தப்பு. இக்பாலுக்கு இரண்டு பெண் குழந்தைகள் அண்ணாத்தே.

மறுநாளே பேட்டரிக் கோளாறைச் சரி செய்துவிட்டார்கள். "அதான் சரியாச்சே, கையெழுத்துப் போடு" என்கிறார் முதலாளி. இந்தத் தப்பு போய்விட்டது, சரி. நாளைக்கு வரப்போகும் தப்பு எது என்று யாருக்குத் தெரியும்? நான் போடவில்லை. வாங்கப் போகிறவர்கள் நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அதற்குள் போடாவிட்டால் வேறு ஆள் போடுவார், நான் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள் காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? புது மாடல் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என் கையைப் பிடித்து, "எவ்ளோ சீக்கிரம் வேணா சுடட்டும்மே. சுடறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் வாயால திருப்பிச் சொல்லணும். அத்த மட்டும் எட்த்துடாத" என்றாய். நான் போனில் ஆபீஸ் மெசேஜைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன்.

"'ம்'னா இன்னா? திருப்பிச் சொல்லு."

"சாயங்காலம் வந்து சொல்றேன் அண்ணாத்தே, மீட்டிங் கீது" என்று கிளம்பினேன். சாயங்காலம் நான் வந்தபோது நீ இல்லை.

உன்னைப் போல ஒருவன் அந்தக் கூடாரத்தில் இருந்ததால்தான் எத்தனையோ பேர் வீடு திரும்பினார்கள். உன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அத்தனை பெருமை. நாளைக்கு வாங்க வருகிறவர்கள் உட்காரும் மேஜையில் எல்லோர் முன்னாலும் இதைத்தான் சொல்லப் போகிறேன். முதலில் நீ கேள்.

சுடறதுக்கு முன்னாடி ஒரு மனுசன் வாயால திருப்பிச் சொல்லணும். அத்த மட்டும் எட்த்துடக் கூடாது. சரி.

இப்படிக்கு,
உன் இடது காதுப் பக்கத்துத் தங்கச்சி,
செல்வி