ஹிபாவுக்கு ஒரு பேனா, ஆறு பெட்டி மை

பூந்தமல்லி,
15-06-2025

அன்புள்ள ஹிபா அத்தாவுக்கு, ரைஹானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் உதவியால் இங்கே மாமி, ஹிபா, நான் மூவரும் நலம். உங்கள் நலத்தை நேற்றுதான் போனில் கேட்டேன். இருந்தாலும் கடிதம் என்றால் கேட்டாக வேண்டும், கேட்டுவிட்டேன்.

வாரத்துக்கு மூன்று நாள் முகம் பார்த்துப் பேசுகிறோம், ஜப்பானுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் ஒரு பக்கம் உங்கள் அம்மா, இன்னொரு பக்கம் உங்கள் மகள், நடுவில் நான். ஏதாவது முக்கியமாகக் கேட்டால் உடனே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் பேனா விஷயம். ஹிபா நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அந்த முகப்பேர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை பென்சில், நாலிலிருந்து இங்க் பேனா. நீல மை மட்டும். பால் பாயிண்ட் பேனாவைப் பையில் பார்த்தாலே டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். கையெழுத்து உருப்படுமாம். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். அது எழுதியது கொஞ்சம், கசிந்தது அதிகம். போதாததற்கு ஹிபா உங்கள் கையோடு பிறந்தவள். சாப்பாட்டுக்கு எப்படியோ வலக்கையைப் பழக்கிவிட்டோம், எழுத மட்டும் இடக்கையை விட மாட்டேன் என்கிறாள். எழுதிய ஈரத்தின் மேலேயே கை இழுத்துக்கொண்டு போகிறது. வரி முழுக்கத் தீற்றல், உள்ளங்கை ஓரம் நீலம், அந்தக் கை பட்ட வெள்ளைச் சட்டையும் நீலம். தினமும் துவைக்கிறவள் நான்.

இங்கிருந்து ஒரு பேனா அனுப்புகிறேன், எது வேண்டும் என்று சொல் என்றீர்கள். ஏதோ ஒன்று அனுப்புங்கள் என்று சொல்லிப் பழக்கம் இல்லை எனக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருடமாக ரப்பர் வாஷர் சோதிக்கிறேன், ஒரு நூல் கூடினாலும் ஒதுக்கிவிடுவேன். அதனால் பள்ளிக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிற கோதண்டத்திடம் போனேன். அவருக்குப் பேனாப் பைத்தியம். நோட்டு வாங்க வந்தவர்களை நிறுத்திவைத்துவிட்டு என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். கடைக்குப் போகும்போது இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவாக, நம்பி வாங்கக்கூடியது இரண்டாம். பிளாட்டினம் பிரெப்பி என்று ஒன்று, உள்ளே இருக்கும் மை வெளியே தெரியும். மூடி வைத்தால் மாதக்கணக்கில் காயாது. இன்னொன்று பைலட் காகுனோ. எழுதப் பழகும் பிள்ளைகளை நினைத்தே செய்தது. விரல் வைக்கும் இடம் முக்கோணமாக இருக்கும், நிப்பில் ஒரு சிரித்த முகம் இருக்கும். முகம் நம்மைப் பார்த்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். ஹிபா அழுத்தி எழுதுகிறவள், பேனாவைத் தாறுமாறாகப் பிடிக்கிறவள். அவளுக்கு இரண்டாவதுதான். நிப்பு எஃப் என்று கேளுங்கள். ஜப்பான் எஃப் மற்ற ஊர் எஃப்பைவிட மெல்லியதாம். மெல்லிய கோடு சீக்கிரம் காயும், இடக்கைக்கு அதுதான் தேவை.

மைதான் முக்கியம். அடைத்து விற்கிற குழாய் இருக்கிறதே, கார்ட்ரிட்ஜ், அது ஒரு கம்பெனியுடையது இன்னொரு கம்பெனிப் பேனாவில் நுழையாது. கோதண்டம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பேனா வாங்கறது பெரிசு இல்ல மேடம். கார்ட்ரிட்ஜ் தீந்துபூட்ச்சுன்னா ஒவ்வொரு வாட்டியும் ஜப்பானுக்கா போய்கினு இருப்பீங்கோ?" அதற்குக் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டாம். பேனாவுக்குள் பொருத்தித் திருகினால் புட்டியிலிருந்து மையை உறிஞ்சிக்கொள்ளும். புட்டி மை இங்கேயே கிடைக்கிறது. ஆகவே பேனா ஒன்று, அதே கம்பெனிக் கன்வெர்ட்டர் ஒன்று, நீலக் கார்ட்ரிட்ஜ் ஒரே ஒரு பெட்டி. கன்வெர்ட்டரை மறக்க வேண்டாம்.

கேட்க வந்தது இதுதான். வருகிற மார்ச் கடைசியில் கம்பெனியோடு உங்கள் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. டிக்கெட் எப்போது போடப் போகிறீர்கள்? மாமி உங்கள் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் தேடுகிறார். தேதி தெரிந்தால் அவருக்குச் சொல்லலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வேளையும் உங்களுக்காகக் கையேந்துகிற,
ரைஹானா


பூந்தமல்லி,
31-08-2025

அன்புள்ள ஹிபா அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூவரும் நலம். பார்சல் வந்து இரண்டு வாரம் ஆகிறது. போனில் நன்றி சொன்னது மாமியும் ஹிபாவும்தான், நான் இப்போது சொல்கிறேன்.

பேனா நீங்கள் பார்த்து வாங்கியது போலவே இல்லை, நானே நேரில் நின்று வாங்கியது போல இருக்கிறது. அவ்வளவு சரி. ஹிபா அந்தச் சிரித்த முகத்துக்கு முதல் நாள் சலாம் சொன்னாள். தீற்றல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. சட்டையில் நீலம் இல்லை. வகுப்பு ஆசிரியை சொர்ணம் மிஸ் நோட்டில் இரண்டு ஸ்டார் போட்டிருக்கிறார், அதில் ஒன்று கோதண்டத்துக்குச் சேர வேண்டியது.

கன்வெர்ட்டர் வரவில்லை. மறந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பிறகு கார்ட்ரிட்ஜ் பெட்டிகளை அடுக்கினேன். ஒன்று கேட்டேன், ஆறு வந்திருக்கிறது.

எண்ணுவதும் ஒதுக்குவதும்தான் என் பிழைப்பு என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஒரு கார்ட்ரிட்ஜ் ஹிபாவுக்கு எட்டுப் பள்ளி நாள் வருகிறது. வருடத்துக்கு இருபத்துநான்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பன்னிரண்டு, ஆறு பெட்டிக்கு எழுபத்திரண்டு. மூன்று வருட மை. அவள் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து எழுதும்வரை வரும். மார்ச்சில் வருகிறவர் எதற்காக மூன்று வருட மையை முன்கூட்டி அனுப்புகிறார் என்று யோசித்துக்கொண்டே அடுத்த நாள் வேலைக்குப் போனேன். நல்ல வாஷர் நாற்பதைத் தூக்கி ஒதுக்கிய பெட்டியில் போட்டிருக்கிறேன். இத்தனை வருடத்தில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆசையில் அள்ளி வாங்கியிருக்கலாம். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று கடைக்காரர் தலையில் கட்டியிருக்கலாம். அப்படியானால் அப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லையென்றால் உள்ளதை எழுதுங்கள். கோபப்பட மாட்டேன் என்று எழுத வந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. மாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வெள்ளையடித்தாகிவிட்டது.

இன்னொன்று. பார்சல் பிரித்த அன்று ஹிபா உங்களிடம் எப்ப வருவீங்க என்று கேட்டாள். "அந்த மை எல்லாம் தீந்துச்சுன்னா அத்தா வந்து நிப்பேன் பாரு" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிள்ளைகளிடம் தேதி சொல்லும்போது யோசித்துச் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
ரைஹானா


பூந்தமல்லி,
23-11-2025

அன்புள்ள ஹிபா அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மூவரும் உடம்பளவில் நலம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜூலையிலேயே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். லைன் லீடர் ஆக்கியிருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை, சொந்தமாக ஒரு வீடு என்று நாம் இருவரும் சேர்ந்து பேசியதுதானே என்கிறீர்கள். பேசினோம், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் போடுவதற்கு முன் கேட்டிருப்பேன். நான்கு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாம்பாரா ரசமா என்று விசாரித்திருக்கிறீர்கள்.

மூன்றாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. டிசம்பர் கடைசிக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மார்ச்சோடு விடுவித்துவிடுவார்கள், ஆனால் லைன் லீடர் வேலை போய்விடும் என்று. நான் கேட்காமலேயே அதை எழுதினீர்கள். அதற்காக உங்கள் மேல் பாதிக் கோபம் போனது.

இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சொர்ணம் மிஸ் ஐந்து தமிழ் நோட்டுகளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். ஒன்று ஹிபாவுடையது. மற்றவை சரண், அஸ்கர், இன்னும் இரண்டு பிள்ளைகளுடையவை. "நோட்டு அஞ்சு மேடம், கையெழுத்து ஒண்ணு" என்றார். ஐந்திலும் ஒரே மெல்லிய நீலம், ஒரே இடக்கைச் சாய்வு. வீட்டுப்பாடம் முழுவதையும் உங்கள் மகளே எழுதியிருக்கிறாள். மிரட்டி எழுத வைத்தார்களா என்று விசாரித்தால், அந்த நால்வரும் பாவம், அவளே வந்து கேட்டு வாங்கிப் போனாள் என்கிறார்கள்.

அதற்கு முன்னால் கார்ட்ரிட்ஜைத் தானம் செய்யப் பார்த்திருக்கிறாள். யார் பேனாவிலும் நுழையவில்லை. சரண் பேனாவில் வைத்து அழுத்தியதில் ஒன்று உடைந்து பெஞ்சு முழுக்க மை. அதற்குப் பிறகுதான் மற்றவர் பாடத்தை எழுத ஆரம்பித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஏன் என்று கேட்டேன். மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டு வந்தாள். குமணன்சாவடி தாண்டியதும், "மை தீந்தாதானம்மா அத்தா வருவாங்க. நான் ஒருத்தியே எழுதுனா எப்பத் தீரும்?" என்றாள். திட்டுவதற்குத்தான் கூட்டிவந்தேன், திட்ட முடியவில்லை. அழுகை வந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்ப்பார்களே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வீட்டில் வந்து எண்ணினேன். பத்தொன்பது தீர்ந்திருக்கிறது. நியாயமாக எட்டோ ஒன்பதோ ஆகியிருக்க வேண்டும். மீதி ஐம்பத்து மூன்று.

ஹிபாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தா வர மூன்று வருடம் ஆகும், கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஒரு வேலை மட்டும் செய்தேன். பத்து கார்ட்ரிட்ஜை எடுத்து அவளுடைய பேனாப் பெட்டியில் அடுக்கினேன். இருப்பது இவ்வளவுதான், உன் பாடத்தை மட்டும் நீ எழுத வேண்டும், அடுத்தவர் பாடத்துக்கு ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது என்றேன். "பத்தே பத்தா?" என்று இரண்டு கை விரலையும் விரித்துப் பார்த்தாள். இப்போது அவசரமில்லாமல் எழுதுகிறாள். சொர்ணம் மிஸ் மறுபடி ஸ்டார் போட ஆரம்பித்திருக்கிறார்.

கோதண்டம் வரவழைத்துத் தருவதாகச் சொன்ன கன்வெர்ட்டரும் வந்துவிட்டது. நேற்று போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தீராத மைக்கு வழி தேடிக் கொடுத்துவிட்டு, தீர்ந்தால் அத்தா வருவார் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

வீடு எனக்கும் வேண்டும். ஆனால் இந்த வாடகை வீட்டில் இன்னும் பத்து வருடம் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். எனக்கு நீங்கள் வேண்டும். இதைப் போனில் மாமியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது, அதற்காகவும்தான் கடிதம்.

எட்டு நாளுக்கு ஒன்று. அரையாண்டு லீவையும் பொங்கலையும் கழித்துப் பார்த்தேன். பத்தாவது தீரும்போது மார்ச் கடைசி வாரம். நான் என் மகளிடம் பொய் சொன்னேனா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும். மற்ற நாற்பத்து மூன்றும் என் அலமாரியில், கல்யாணப் புடவைக்கு அடியில், பூட்டித்தான் இருக்கின்றன.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் நல்ல முடிவையும் தருவானாக. அந்தப் பூட்டை மட்டும் என்னைத் திறக்க வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரைஹானா