கதவுக்குப் பின்னால் காய்ந்த துணி

அன்புள்ள உனக்கு,

நீயும் மகளும் பச்சைக் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை. அதை எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய்; மாப்பிள்ளை வரைக்கும் கேட்கும். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

முதலில் ஒரு வேலை. மகள் பிரசவத்துக்கு நீ கிளம்பும்போது என் நீலத் துண்டை உன் பையில் வைத்தேன். பழசு, மெத்தென்று இருக்கும், குழந்தையைத் துவட்ட ஆகும் என்றேன். அதை இப்போதே எடுத்துத் தனியாக வை. இனி அது குழந்தை மேல் படவே கூடாது.

எனக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. எழுதவே கை கூசுகிறது. நீ இங்கே இருக்கும்போதே லேசாக அரித்தது. உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். கட்டிய மனைவியிடம் என்ன வெட்கம் என்று நீ கேட்பாய். கேள்.

பஸ்ஸில் என் டிரைவர் சீட்டு உனக்குத் தெரியும். பக்கத்தில் என்ஜின் சூடு, கீழே ரெக்சின், மேலே தடித்த காக்கி. மதியத்துக்குள் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொள்ளும். சிக்னலில் நின்றால் போதும், நெளிய ஆரம்பித்துவிடுவேன். "என்னண்ணே, வண்டி ஓட்டுறீங்களா, ஆட்டம் கத்துக்கிறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டான். முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மருந்துக் கடையில் நண்பருக்கு வேண்டும் என்று சொல்லி ஒரு ட்யூப் வாங்கினேன். "உங்க நண்பரை அகலமா கால் வச்சு நடக்க வேணாம்னு சொல்லுங்க" என்று கடைக்காரர் தலை நிமிராமலே சொன்னார். பூசியதும் அரிப்பு அடங்கியது. விட்டேன். மறுபடி வந்தது, முன்பைவிட அகலமாக, இடுப்பு வரைக்கும். அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். உள்ளே போனால் அது ஒரு பெண், நம் மகள் வயதுதான் இருக்கும். தலைவலி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடப் பார்த்தேன். "ஐயா, காலையில இருந்து நான் இதைத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்க வெட்கப்பட்டு முடிக்கிறதுக்குள்ள வெளிய இருக்கிறவங்க என்னைத் திட்டுவாங்க" என்றாள்.

அழுக்கினால் வந்ததென்றுதான் நான் குறுகிப் போயிருந்தேன். தினம் இரண்டு வேளை குளிக்கிறேன் என்று அவள் கேட்காமலே சொன்னேன். குளித்தால் மட்டும் போதாது, ஈரம் போகத் துடைக்க வேண்டும் என்றாள். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, அதுவும் இதற்குத் தீனி என்றாள். நானாக வாங்கிய ட்யூப் அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிட்டதாம். கடைசியாக, "உள்துணிய எங்க காயப் போடுறீங்க?" என்றாள்.

குளியலறைக் கதவுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில். அந்த இடம் நான் கண்டுபிடித்ததல்ல. கல்யாணமான நாளிலிருந்து நீ உன்னுடையதையும் என்னுடையதையும் போடும் இடம். மாடிக் கொடியில் நாலு வீட்டுக் கண் படும் என்பாய். காலையில் தொட்டால் ஜில்லென்றிருக்கும். உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்று போட்டுக்கொள்வோம்.

வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. நீ அடுப்பு முன்னால் நின்று இடுப்பைச் சொறிவாய். என்ன என்றால் நாடா இறுக்கம் என்பாய். பவுடர் போடு என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படித்தேன். நீ என்னிடம் மறைத்தாய், நான் உன்னிடம் மறைத்தேன். ஒரே கதவுக்குப் பின்னால் இரண்டும் ஈரமாகத் தொங்கின.

அந்தக் கையால்தான் இப்போது நீ குழந்தையைக் குளிப்பாட்டுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டு. மகளிடமும் சொல்லிவிடு, குழந்தை உடம்பில் வட்டமாகச் சிவந்திருக்கிறதா என்று அவளும் பார்க்க வேண்டும் அல்லவா? கடையில் கேட்டு எதையும் பூசாதே.

லீவு கிடைக்கவில்லை என்று நான் சொன்னது பொய். டிப்போவில் கேட்ட அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். முழுதாக ஆறும் வரை குழந்தையைத் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். வந்து தூரத்தில் நின்றால் மகள் காரணம் கேட்பாள் என்று வராமலே இருந்துவிட்டேன். "பொண்ணாப் போச்சுன்னுதான் அப்பாவுக்கு லீவு கிடைக்கல போல" என்று அவள் சொன்னதாக நீ போனில் சொன்னாய். என் மானத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன், அவள் மனதில் முள்ளை வைத்துவிட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல். மாப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை.

இன்று என் உள்துணியை மாடிக் கொடியில் போட்டேன். கீழ் வீட்டுத் தையற்காரம்மா இருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் தன் துணிகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "கிளிப் போடுங்கண்ணே, காத்துல பறந்துடும்" என்றார். அவ்வளவுதான். நீ திரும்பி வந்ததும் அந்தக் கொடியில் உனக்கும் பாதி.

டாக்டர் சரி என்று சொன்ன அன்றே வண்டி ஏறுவேன். உன்னையும் டாக்டர் பார்த்துச் சரி என்றதும், கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு நம் பேத்தியைத் தூக்கு. தாத்தா வருகிறார் என்று தினமும் அவள் காதில் சொல், மகளுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாக.

இப்படிக்கு,
வெட்கத்துடனும் அன்புடனும்
உன் வீட்டுக்காரன்