நேரடி விமானம்

என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக, கொஞ்சம் சதை போட்டு இருக்கிறீர்கள் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன். யார் சொன்னது என்று பிறகு சொல்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை கூடிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று அல்லவா, பிள்ளைகள் உடைத்துக்கொண்டு வருகிற பிரேம்களுக்குத் திருகாணி போட்டே விரல் நுனி மரத்துப்போகிறது. நம் வாயாடிக்கு முன்பல் முளைத்துவிட்டது. முதலில் அப்பாவுக்குத்தான் காட்டுவேன் என்று வாயை மூடிக்கொண்டு திரிகிறாள். அவள் வாயை மூடியதே அதிசயம்.

போன வாரம் மாடி வீட்டு டாக்சிக்காரர் ஓடி வந்தார். நீங்கள் இருக்கிற ஊரிலிருந்து இங்கே நேரடி விமானம் விடுகிறார்களாம், நாலே மணி நேரமாம், காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு இடத்தில் இறங்கி ஏறி, நாற்காலியில் தூங்கி, கொடுக்கிற லீவு பாதையிலேயே கரைந்துபோகிறது என்றுதானே மூன்று வருஷமாக வராமல் இருக்கிறீர்கள்? அந்தத் தூரத்தின் மேல்தான் எனக்குக் கோபம், உங்கள் மேல் இல்லை. வானத்தைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்பது உங்கள் பழக்கம். முதல் விமானத்திலேயே வந்து குதிப்பீர்கள் என்று நானாகவே முடிவுகட்டினேன். நேற்று கடையில் தலைவலி என்று பொய் சொல்லி, உங்களுக்குப் பிடித்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, டாக்சிக்காரரோடு விமான நிலையத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி தள்ளி வருகிற ஒவ்வொரு ஆளும் தூரத்தில் நீங்களாகவே தெரிந்தார். கிட்டே வந்ததும் வேறு யாருக்கோ அப்பாவாகிவிட்டார்.

கடைசியாக வந்தவர் உங்கள் அறையில் தங்கியிருக்கிற வெல்டர். போட்டோவில் பார்த்த முகம். என்னைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். நீங்கள் சதை போட்டதைச் சொல்லிச் சிரித்தார். ஏன் வரவில்லை என்று கேட்டதும் மென்று முழுங்கினார். கம்பெனியில் எல்லாருக்கும் மூன்று வாரம் லீவு உண்டாமே. உங்களுக்கு மட்டும் கிடைக்கவில்லையோ என்று நானே எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனுஷர், பொய் சொல்ல வரவில்லை.

"அவன் லீவே கேக்கலைங்க. போன வருஷமும் கேக்கலை," என்றார்.

திரும்பும்போது டாக்சிக்காரர் பாட்டுப் போடவில்லை. முதல் விமானத்தில் இடம் கிடைத்திருக்காது அண்ணி என்றார். ஆமாம் என்றேன். வாயாடியிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறேன்.

சண்டை போட எழுதவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள் என்று வாழ்த்துகிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. நாலு மணி நேரம்தான். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி