மணல்திட்டைச் சுற்றி ஏறிய தண்ணீர்

மார்ச் 30, ஞாயிறு

காலையில் அரியலூரிலிருந்து கார் எடுத்து, கொள்ளிடம் கடலில் கலக்கிற இடத்துக்குப் போனோம். மீனை ஏமாத்த இறகு கட்டின தூண்டிலை உப்புத் தண்ணியில் வீசிப் பார்க்கணும்னு என் வீட்டுக்காரருக்கு ஆசை. காத்தே இல்லை. "பங்குனியிலதான் கடல் இப்படிக் கிடக்கும்"னு சொல்லி, எங்க பொண்ணு யாழினியைத் தோளில் உட்கார வச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில் நடந்து நடு மணல்திட்டுக்குப் போயிட்டார்.

எங்க ஊர் ஏரியில் தண்ணி இறங்கினா மறுபடி மழைக்குத்தான் ஏறும். கடலும் அப்படித்தான்னு ரெண்டு பேருமே நினைச்சிட்டோம். கரையில் வலை அலசின அக்காதான், "தண்ணி ஏறுதுங்க, புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க"ன்னாங்க. நான் கத்தினேன். அவர் இன்னும் ஒரு தடவை வீசிட்டுத்தான் கிளம்பினார். பாதி வழியில் தண்ணி அவர் நெஞ்சுக்கு வந்துடுச்சு. குழந்தையோட கால் நனைஞ்சுது.

"அதான் வந்துட்டோம்ல, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"ன்னு வண்டியில் சிரிக்கிறார். அடுத்த ஞாயிறும் போகணுமாம். யாழினி வர மாட்டாள்னு சொன்னேன். "நான் அப்பா கூடப் போவேன்"னுட்டா அவ.

இப்போ வீட்டில் அப்பாவும் பொண்ணும் தூங்குறாங்க. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியுமான்னு இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. எழுப்பிக் கேட்கலாமா?