பப்பாளி மரத்தை வெட்டாத வருஷம்

18-7-1954

மானம் போயிற்று. கொத்தமல்லி விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு கழன்றதுதான் மிச்சம். ஒரு பச்சையையும் காணோம். இன்று பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் மண் சரியில்லை, ஏரித் தண்ணீர் சரியில்லை என்று பெரிய விவசாயி மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் சம்சாரம் செல்லம்மா கேட்டாள்: "எந்த டப்பாலேர்ந்து எடுத்தே?" காட்டினேன்.

"அது மொளகாத்தூளுக்கு வறுத்து வச்ச தனியாய்யா."

முனியம்மாவுக்கு நின்றுகொண்டு சிரிக்க முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நாளு ஊத்து அண்ணாத்தே, கொழம்பாவே வரும்" என்றாள்.

செங்கல்பட்டு கேபினில் லீவர் இழுத்து போட் மெயிலைச் சரியான தண்டவாளத்தில் அனுப்புகிறவன் நான். எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். அந்த வம்சத்தில் முதல்முதலாகத் தனக்கென்று ஒரு புழக்கடை கிடைத்தவன் (ரயில்வே கொடுத்த வீடுதான், இருக்கட்டும்) வறுத்த மல்லியை விதைக்கிறான். அப்பா இதைப் பார்க்க இல்லாதது நல்லதாயிற்று.

2-8-1954

கத்தரி நாற்று வைத்தேன். வெண்டை ஊன்றினேன். தின்ற பப்பாளியின் விதையைச் செல்லம்மா சாம்பல் மேட்டில் கொட்டினாள்.

19-8-1954

கத்தரியை முனியம்மாவின் ஆடு தின்றுவிட்டது. கேட்கப் போனேன். "கண்டதயும் துன்னாது அண்ணாத்தே என் ஆடு. நல்லா வளத்துக்கீற, அதான் துன்னுச்சு" என்றாள். சண்டை போடப் போனவன் பெருமையோடு திரும்பி வந்தேன்.

14-11-1954

அடைமழை. வெண்டை நின்றபடியே அழுகிவிட்டது. சாம்பல் மேட்டில் தானாக முளைத்த இரண்டு பப்பாளிக் கன்றுகள் மட்டும் நிமிர்ந்து நிற்கின்றன. நான் அவற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் பிழைத்தன போலிருக்கிறது.

30-1-1955

ஒரு பப்பாளியில் சரம் சரமாகப் பூ. கேபினில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் முனியம்மா வேலியோரம் நின்று, "அது ஆம்பள மரம். காய்க்காது. சும்மா பூத்துக்கினு நிக்கும், உன்ன மாதிரி" என்கிறாள். மற்ற மரத்தில் பூக்கள் தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கின்றன. அதுதான் காய்க்குமாம். நாளைக்குக் கேபினில் என்ன சொல்வது?

6-3-1955

மருமகன் வந்தார். புதுப்பட்டினத்தில் மிஷன் பள்ளி வாத்தியார், பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிறவர். இன்று அவராகவே பேசினார். வசந்தா முழுகாமல் இருக்கிறாளாம், மூன்றாம் மாதம். போன தடவை நாலாம் மாதத்தில் கலைந்துபோனதால் இந்தத் தடவை இப்போதிருந்தே தாய் வீட்டில் இருக்கட்டும் என்றார்.

செல்லம்மா முழங்கால் போட்டு ஜெபம் செய்தாள். எழுந்ததும் முதல் வார்த்தை: "அந்தப் பப்பாளிய வெட்டிடுய்யா."

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பப்பாளி ஆகாது, தின்றால் வயிற்றில் நிற்காது என்பார்கள். தெரியாதவனா நான். சரி, வெட்டுகிறேன் என்றேன். போய்ப் பார்த்தேன். தண்டைச் சுற்றிப் பிஞ்சுகள். நான் தோட்டம் போட்டுக் காய்த்த ஒன்றே ஒன்று. அதுவும் நான் போட்டதில்லை.

20-3-1955

வசந்தா திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கழுத்தெலும்பு தெரிகிறது.

சாயங்காலம் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே வந்தாள். "எதுக்கு நைனா?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

போன வருஷம் கலைந்தபோது மாமியார் தெருவெல்லாம் சொன்னாராம், இவள் திருட்டுத்தனமாகப் பப்பாளி தின்றிருப்பாள் என்று. இத்தனை நாள் எங்களிடம் இதைச் சொன்னதில்லை இவள்.

"தொடக்கூட இல்ல நைனா நானு. இப்ப நீ வெட்டினா, நான் துன்னேன்னு நாமளே ஒத்துக்கின மாதிரி ஆவும். நிக்கட்டும் அது."

கோடாலியை அப்படியே கொண்டுவந்து மூலையில் சாத்தினேன். செல்லம்மா பிடித்துக்கொண்டாள். "பொண்ணு சொன்னா வுட்டுட்டு வந்துடுவியா? அதுக்கு ரோசம், உனக்கு புத்தி எங்க பூடுச்சு?" அவள் சொல்வதும் நியாயம், இவள் சொல்வதும் நியாயம். நடுவில் நான், ஆண் பப்பாளி மாதிரி.

17-4-1955

நாலாம் மாதம் தாண்டியது. இன்றைக்கு இது போதும்.

22-5-1955

வசந்தா அரைக்கீரை விதைத்தாள். பாய் விரித்த மாதிரி முளைத்திருக்கிறது. இரகசியம் என்ன என்று கேட்டேன். "வறுக்காம வெதச்சேன் நைனா." ஊர் சிரித்தது போதாதென்று செல்லம்மா இதைப் புதுப்பட்டினம் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

இவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. இன்னும் ஒரு வருஷம் வேண்டுமானாலும் வறுத்தே விதைக்கலாம்.

12-6-1955

யாரிடமும் சொல்ல முடியாதது, அதனால் இங்கே.

ஒரு பழம் மஞ்சள் தட்டியிருந்தது. வீட்டுக்குள் கொண்டுவராமல் அப்படியே கேபினுக்கு எடுத்துப்போய்த் தின்றுவிடலாம் என்று குறி வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால் இல்லை. அணில் கடித்து விழுந்ததென்றால் கீழே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. திருகிப் பறித்த இடத்தில் பால் வழிந்து காய்ந்திருக்கிறது.

கைக்கு எட்டுகிற உயரம்தான்.

வசந்தா தின்றிருப்பாளா? நான் பார்க்கிறபோதெல்லாம் இவள் அந்தப் பக்கம்தான் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். வாய்க்கு ருசி கேட்கிற மாசம். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்டால் நானும் அந்த மாமியாரும் ஒன்று. கேட்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

குப்பைக் குழியைக் குச்சியால் கிளறினேன். தோல், விதை ஏதாவது கிடக்கிறதா என்று. வசந்தா வந்து நின்றாள். "இன்னா நைனா தேடறே?"

"எரு மக்கிச்சான்னு பாக்கறேன்."

"நேத்துதான கொட்டினே."

14-6-1955

மத்தியானம் சோற்றில் கை வைத்தேன், உள்ளே வசந்தா கத்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் குதிரையோடு சேர்ந்து நானும் ஓடினேன், வண்டியில் இடம் இருந்தும். வெட்டியிருக்கணும். சொன்னாளே, செல்லம்மா அன்னிக்கே சொன்னாளே, இன்னா மனுசன் நான், ஒரு மரத்துக்கு ஆசைப்பட்டு —

நர்ஸம்மா என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். செல்லம்மா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். அவளும் கேட்டாள்: "இன்னாடி துன்னே? சொல்லுடி." வசந்தா சொன்னாள்: "மொச்சக்கொட்ட கொழம்பு. ரெண்டு வாட்டி ஊத்திக்கினேன்."

கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா வந்து வயிற்றில் காது வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை, வாயு, குழந்தை நன்றாக உதைக்கிறது என்றார். ஓடிவந்த வேர்வை வழிய வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர், நோயாளி நான்தான் என்று நினைத்து, தள்ளி இடம் விட்டார்.

19-6-1955

வேலிக்கு அந்தப் பக்கம் முனியம்மாவின் ஆடு காய்ந்த பப்பாளித் தோலை மென்றுகொண்டிருந்தது.

"ஏது இது?" என்றேன்.

"உன் சம்சாரந்தான் குடுத்துச்சு. போன வாரம் முந்தானிக்குள்ள மறச்சி எடுத்தாந்துச்சு, திருட்டு சாமானாட்டம். மஞ்சளானா பொண்ணு ஆசப்படும்னு."

செல்லம்மாவிடம் போய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வெட்டறேன்னு சொல்லி மூணு மாசமா வெட்டாதவங்கிட்ட இன்னாத்த சொல்றது?" என்றாள்.

அவளோடு சண்டை போட வேண்டும். முடியவில்லை. தனியாகக் கிணற்றடியில் போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போனேன்.

11-9-1955

பெண் குழந்தை. சுகப்பிரசவம். வசந்தா நன்றாக இருக்கிறாள். மருமகன் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேசினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

25-9-1955

சம்மந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார். கால் கழுவப் புழக்கடைக்குப் போனவர் மரத்தடியில் நின்றுவிட்டார். மேலே பார்த்தார். கொத்துக் கொத்தாகக் காய்.

"இது எப்பத்லேர்ந்து கீது?"

வசந்தா குழந்தையோடு வாசற்படிக்கு வந்தாள். "நான் வர்றதுக்கு முன்னாலேர்ந்தே கீது அத்தே."

அவ்வளவுதான் சொன்னாள். சம்மந்தியம்மா மறுபடி மரத்தைப் பார்த்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குடு" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் யாரையும் பார்க்காமல், "பழுத்தா ஒண்ணு குடுத்தனுப்புங்க" என்றார். செல்லம்மா பெரியதாகப் பார்த்துப் பறித்து அப்போதே கட்டிக் கொடுத்தாள்.

4-12-1955

வசந்தாவும் குழந்தையும் புதுப்பட்டினம் போய்விட்டார்கள்.

கிளம்புமுன் கீரைப் பாத்தியைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எத்தனை நாளைக்கு ஒருமுறை கிள்ள வேண்டும், எங்கே தண்ணீர் தேங்கும் என்றெல்லாம் சொன்னாள். இனி அது என் பொறுப்பாம். பாவம் கீரை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எல்லாரும் என்ன ஒரு வாட்டியாவது கேட்டாங்க நைனா. போன வருசம் அவரு கேட்டாரு, நெசமா துன்னியான்னு. ஆஸ்பத்திரில அம்மா கேட்டுச்சு. நீ மட்டும்தான் கேக்கல. ஒரு பார்வ கூட பாக்கல."

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றேன். டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். தலையில் பெட்டி இருப்பவனின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டே போனேன்.

கேள்வி ஒரு வாரம் என் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது, நம்பிக்கையால் இல்லை, அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தால்தான் கேட்கவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.